வலியில் மூன்றைக் கழிக்கவும்

பெரியநாயகிக்கு வலி ஒன்பது. மலாக்காவின் ஆயர் குரோவில் இருந்த வாழ்க்கைத்தர ஒப்பாய்வு நிலையத்தின் பதிவேட்டில் அது ஆறு. ஏழு இருந்தால்தான் மருந்து.

இடையில் மூன்று எங்கே போயிற்று என்று அவளுக்கு நான்கு மாதம் தெரியாமலே இருந்தது.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள் அவள். தோட்டத்தைக் கம்பெனி விற்று அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்தபோது, அவளும் கணவன் காளிமுத்துவும் குருபோங்கில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். காளிமுத்து பாக்டரி பஸ் ஓட்டினான். ஒரே மகள் புனிதா கல்யாணமாகிக் கிள்ளானில் இருந்தாள். தொண்ணூற்றைந்தில் மலாக்கா பெரியாஸ்பத்திரியில் பெரியநாயகியின் இடது மார்பை எடுத்தார்கள். அடுத்த வருஷமே நோய் திரும்பி வந்து விலா எலும்பில் உட்கார்ந்துகொண்டது. படுத்தால் வலித்தது. எழுந்தால் வலித்தது. இருமலுக்குப் பயந்து மிளகாய் தாளிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தைப் பற்றிய அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. புற்றுநோய் வலிக்குப் புதிய இடம், ஏர்கண்டிஷன், இலவசம், வீட்டுக்கே வேன் வரும். காளிமுத்து அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே போய்ப் பெயர் எழுதிவிட்டு வந்தான்.

நிலையம் பார்க்க அழகாக இருந்தது. முன்னால் ஒரு நீரூற்று. உள்ளே ஐந்து மொழிகளில் நல்வரவு. ஐந்து நாடுகளில், பதினொரு பண்பாடுகளில், புற்றுநோயாளிகள் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்று அளந்து ஒப்பிடுவதுதான் அதன் வேலை. படிவங்கள் வைக்கும் அறைக்கு இரண்டு ஏர்கண்டிஷன் போட்டிருந்தார்கள். மருந்து அலமாரி மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குருபோங் ஜனங்கள் அதற்குக் கேள்வி ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சேர்ந்த அன்று பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு தாளை நீட்டினார்கள். எல்லாம் ஆங்கிலம். அங்கே வேலை பார்த்த ஷெர்லீன் என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் ஒன்பதாவது பக்கத்தைத் தமிழில் சொன்னாள்.

"நீங்க இந்த ஸ்டடியில இருக்கற வரைக்கும் பெனடோல் தவிர வேற எங்கயும் வலி மருந்து வாங்கி சாப்பிடக் கூடாதாம், ஆண்டி. சும்மா ஃபார்மாலிட்டி லா."

"இங்கயே குடுத்துருவீங்கல்லம்மா?"

"ஸ்கோர் வந்தா குடுப்பாங்க, ஆண்டி."

பெரியநாயகி தோட்டத்துப் பள்ளியில் கற்ற எழுத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் எழுதினாள். பன்னிரண்டாவது பக்கம் வரும்போது கை விட்டுப்போனது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை வேன் வரும். நூற்றுப் பதினான்கு கேள்விகள். இரண்டு மணி நேரம் முதுகு நிமிர்த்திப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். கேள்விகள் வெளிநாட்டில் தயாராகி, கோலாலம்பூரில் தமிழாகி, ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்ற முத்திரையோடு மலாக்காவுக்கு வந்திருந்தன.

"போன வாரம் நீங்க நீலமா உணர்ந்தீங்களா, ஆண்டி?" என்று ஷெர்லீன் படித்தாள்.

பெரியநாயகி யோசித்தாள். "கை வீங்குனப்ப நகமெல்லாம் கொஞ்சம் நீலமாத்தாம்மா இருந்துச்சு."

ஆங்கிலத்தில் அது 'மனச்சோர்வாக இருந்தீர்களா' என்ற கேள்வி. ஷெர்லீனுக்கும் அது சரியாகத் தெரியாது. 'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். கடைசிக் கேள்வி மட்டும் எல்லாருக்கும் விளங்கியது. வலி எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?

"ஒம்போது."

முதல் தடவை ஒன்பது. இரண்டாம் தடவை ஒன்பது. ஐந்தாம் தடவையும் ஒன்பது. ஒவ்வொரு தடவையும் பத்து பெனடோல் காய்ச்சல் மாத்திரையும், 'உங்கள் வாழ்க்கைத் தரம் எங்கள் அக்கறை' என்று அச்சடித்த கைத்துண்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

அங்கே மேடம் லிம் என்று ஒரு சீன அம்மாள் வருவாள். பாசாரில் காய்கறி விற்றவள். வயிற்றில் கட்டி. இரண்டு பேரும் உடைந்த மலாயில் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் மேடம் லிம்மின் பையில் பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து பாட்டில் இருந்ததைப் பெரியநாயகி பார்த்தாள்.

"எத்தன சொன்ன?" என்று கேட்டாள்.

"ஆறு."

"ஆறுக்கா குடுத்தாங்க?"

"போன மாசத்துலேர்ந்து குடுக்கறாங்க. இப்பல்லாம் தூங்கறேன்" என்றாள் மேடம் லிம், வெட்கப்பட்டுக்கொண்டு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியநாயகி யோசித்துக்கொண்டே வந்தாள். அதிகமாகச் சொன்னால் பேராசைக்காரி என்று நினைக்கிறார்களோ. குறைத்துச் சொன்னால்தான் மரியாதை போலிருக்கிறது. அடுத்த தடவை ஷெர்லீன் கேட்டதும், விலாவைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சும்மா" என்றாள்.

அதற்கடுத்த தடவை போனபோது அவளுடைய புகைப்படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். 'இம்மாதத்தின் சிறந்த முன்னேற்றம்: இந்திய மகளிர் பிரிவு.' முன்னேற்றம் ஏற்பட்டுவிட்டதால் பெனடோலை ஐந்தாகக் குறைத்தார்கள். கைத்துண்டு மட்டும் இரண்டு கிடைத்தது.

பெரியநாயகி அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டாள். ஷெர்லீன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆண்டி, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்க அஞ்சு சொன்னா நாங்க ரெண்டுன்னு எழுதணும்."

"ஏம்மா?"

"தமிழங்க சொல்றதுல மூணு கழிக்கணும். ரூல், ஆண்டி."

அன்று சாயங்காலம் பாக்டரிப் பெண்களை இறக்கிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல், காளிமுத்து நேராக நிலையத்துக்குப் பஸ்ஸை விட்டான். நிலையத்தின் இயக்குநர் டாக்டர் டெஸ்மண்ட் அவனை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். அவர் புற்றுநோய் டாக்டர் அல்ல. அளவைகளில் டாக்டர்.

"மிஸ்டர் காளிமுத்து, நானும் தமிழன்தான். எங்க தாத்தாவும் இங்க ரோடு போட வந்தவருதான். அதனால உரிமையோட சொல்றேன். நம்ம ஆளுங்க ரொம்ப எமோஷனல். சாவு வீட்ல பாத்திருப்பீங்களே? மாரடிச்சு, தரையில பொரண்டு... அழகான பண்பாடு. நான் மதிக்கிறேன். ஆனா சயின்ஸ்ல அத அப்படியே ஏத்துக்க முடியாது. அதனால மூணு கழிக்கறோம். சீனவங்க உள்ளுக்குள்ளயே வெச்சுக்குவாங்க, அவங்களுக்கு ரெண்டு கூட்டறோம். மலாய்க்காரங்க கடவுள் விட்ட வழின்னுடுவாங்க, ஒண்ணு கூட்டறோம். எல்லாருக்கும் நியாயமா இருக்கணும்ல?"

"அப்ப என் சம்சாரம் பத்துன்னு சொன்னா ஏழு வருமில்ல, சார்?"

டாக்டர் டெஸ்மண்ட் சந்தோஷமாகச் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"பத்துங்கறது தாங்கவே முடியாத வலி. தாங்க முடியாதவங்களால பேச முடியாது. பேசி நம்பர் சொல்றாங்கன்னா அது பத்து இல்ல. அதனால பத்த நாங்க ஒம்போதுன்னுதான் எடுத்துக்குவோம்."

"பேச முடியாதவங்களுக்கு?"

"பேசாதவங்ககிட்ட எப்படி டேட்டா எடுக்கறது?" என்றார் டாக்டர். "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். உங்க சம்சாரம் சும்மா ஒரு பேஷண்ட் இல்ல. அவங்க ஒரு பண்பாட்டோட பிரதிநிதி. காப்பி ஆறுது பாருங்க."

ஆக, தமிழில் வலித்தவர்களுக்கு ஏழு வரவே வராது. நிலையம் திறந்து ஒன்றரை வருஷத்தில் ஒரு தமிழ் நோயாளிக்குக்கூட அந்தப் பழுப்பு பாட்டில் போகவில்லை. ஆண்டறிக்கையில் இதைக் குறிப்பிட்டு, தமிழரின் தாங்கும் ஆற்றல் வியப்புக்குரியது என்று ஒரு பத்தி எழுதியிருந்தார்கள்.

இதற்குள், அதுவரை பதில் எழுதாமல் விட்டிருந்த பனிக் கேள்விக்கு நேரம் வந்துவிட்டது. அறுபத்தெட்டாவது கேள்வி: 'உங்கள் வீட்டு வாசலில் விழுந்த பனியைச் சிரமமின்றி வாரித் தள்ள முடிகிறதா?' மலாக்காவில் பனி விழுவதில்லை என்று ஷெர்லீன் மூன்று முறை எழுதிக் கேட்டாள். ஒரு கேள்வியை விட்டுவிட்டால் மற்ற பத்துப் பண்பாடுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும் என்று பதில் வந்தது. எனவே ஒரு வெள்ளிக்கிழமை காலை, தஞ்சோங் கிளிங் மீன் கொட்டகையிலிருந்து ஒரு லோரி நிறைய ஐஸை வாங்கிவந்து பெரியநாயகியின் வாசலில் கொட்டினார்கள். கையில் ஒரு மண்வாரியைக் கொடுத்தார்கள். அளவைப் பிரிவு அதிகாரி டாரியஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நிமிஷம்தாம்மா. எவ்வளவு முடியுதோ அவ்வளவு வாருங்க."

அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வேலியோரம் கூடிவிட்டன. ஐஸோடு வந்த மீன் வாசனைக்கு நாலு பூனைகள் வந்தன. பெரியநாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வாரியை ஐஸில் குத்தினாள். தூக்கும்போது விலாவுக்குள் ஏதோ கழன்று போன மாதிரி இருந்தது. "அய்யோ அம்மா" என்று அந்த ஐஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காளிமுத்து ஓடிவந்து தூக்கினான்.

"ஏய்யா, சீக்காளிய கொல்ல வந்தீங்களா? போடா, அள்ளிக்கிட்டுப் போடா உன் பனிய!"

டாரியஸ் பதற்றமில்லாமல் எழுதினார்: 'பதினொரு விநாடி. குளிர்ப் பிரதேச வாழ்க்கைக்குப் பண்பாட்டு ரீதியாகத் தயாரில்லை.' ஐஸை அள்ளிக்கொண்டு போக நிதி ஒதுக்கீடு இல்லையாம். அது கரையும் வரை அந்த வீட்டு வரிசை முழுவதும் மீன் வாடை அடித்தது.

அன்று மத்தியானம் காளிமுத்து அலமாரியைத் திறந்து துணிகளையெல்லாம் எடுத்துக் கீழே போட்டான். அடியில் பிஸ்கட் டின்னில் இருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்தான். படுத்திருந்த பெரியநாயகிக்குப் புரிந்துவிட்டது.

"அத என்னாத்துக்கு எடுக்கறீங்க?"

"நீ பேசாம படு."

ஜப்பான்காரன் காலத்தில், ஜாசின் டவுனில் ஒரு சீனக் கடைக்காரர் வீட்டில் ஏழாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். அரிசிக்கு வழியில்லாத வருஷம் அது. மூன்று மாதக் குழந்தையாக அவளைத் துணியில் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, பிள்ளை இல்லாத முனுசாமி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். முனுசாமியின் மனைவி தன் குலதெய்வத்தின் பெயரை வைத்து வளர்த்தாள். தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரியும். இப்படி வீட்டுக்கு ஒருத்தியாவது இருந்த காலம் அது. சின்னப் பிள்ளைகள் சண்டையில் "சீனத்தி" என்று கத்தினால் அந்த அம்மா விளக்குமாற்றோடு லயத்து வரிசை வீடுகளெல்லாம் துரத்துவாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் இருந்ததில்லை. ஆனால் பத்திரத்திலும் ஐசி என்ற அடையாள அட்டையிலும் இனம் என்ற இடத்தில் மலாயில் 'சீனா' என்றே இருந்தது.

"வேணாங்க" என்றாள் பெரியநாயகி. "ஒரு பாட்டில் மருந்துக்காக எங்கம்மாவ இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா? அது கேட்டா என்னா நெனைக்கும்?"

"அது இருந்துச்சுன்னா அந்த டாக்டர வெளக்கமாத்தால அடிச்சிருக்கும். நான் ஐசியத்தானே காட்டறேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியால் திரும்பினாளா, கோபத்தால் திரும்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த தடவை வேன் வந்தபோது அவளே ஐசியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நிலையம் கலங்கிப்போனது. ஒன்பதில் மூன்றைக் கழித்தால் ஆறு. ஒன்பதோடு இரண்டைக் கூட்டினால் பதினொன்று. பத்துக்கு மேல் வலி இருக்க முடியாது என்று வெளிநாட்டில் முடிவு செய்தாகிவிட்டது. டாக்டர் டெஸ்மண்ட் அவசரமாக ஐந்து பேர் கொண்ட பண்பாட்டு நிர்ணயக் குழுவைக் கூட்டினார். பெரியநாயகியை நடுவில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். ஹொக்கியன் என்ற சீன மொழியில் ஒருவர் ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள்.

"நேத்து வெச்ச சோத்துல தண்ணி ஊத்தி, ஊறுகா."

குழு அதை எழுதிக்கொண்டது.

"வலிக்கும்போது என்ன சொல்லுவீங்க?"

"என்னா சொல்லுவேன். அய்யோ அம்மான்னுதான்."

"அந்த அம்மா பெத்த அம்மாவா, வளத்த அம்மாவா?" என்றார் டாரியஸ்.

அதுவரை தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எனக்கு ஒரே அம்மாதான், தம்பி."

டாக்டர் டெஸ்மண்ட் பேனாவை மூடினார். "ரொம்ப சுவாரஸ்யமான கேஸ். இப்ப கேள்வி என்னன்னா, வலி ரத்தத்துல இருக்கா, வளர்ப்புல இருக்கா? இத நாம அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது. அடுத்த மாசம் மாநாட்ல வெச்சுக்கலாம். அதுவரைக்கும் இவங்களுக்கு வலி எத்தனைன்னு பதிவு பண்ண வேணாம்."

"அதுவரைக்கும் மருந்து?" என்று ஷெர்லீன் கேட்டாள்.

"வலியே பதிவாகலியே, ஷெர்லீன். எதுக்கு மருந்து?"

வலி பதிவில் இல்லாததால் பெனடோலும் நின்றது. அந்த ஐந்து வாரம் பெரியநாயகி படுத்துத் தூங்கியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி மேசைமேல் தலையணையை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். பெரியாஸ்பத்திரிக்கே திரும்பிப் போகலாம் என்று காளிமுத்து சொன்னான். "கையெழுத்துப் போட்டுட்டேனே. ஜெயில்ல புடிச்சுப் போட்டுட்டா?" என்றாள். பன்னிரண்டு பக்கம் அவளுக்கு அவ்வளவு பயத்தைக் கொடுத்திருந்தது.

மாநாடு தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. பதினொரு பண்பாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் இரவு விருந்தில் நண்டும் கணவாயும் இறாலும் பரிமாறப்பட்டதாக ஷெர்லீன் சொன்னாள். மறுநாள் காலை பெரியநாயகிக்கு மல்லிகைப்பூ வைத்து, மேடையில் ஒரு குஷன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கழுத்தில் ஒரு அட்டை. அதில் அவள் பெயருக்குப் பதிலாக 'வகை: நிலுவையில்' என்று இருந்தது. காளிமுத்துவைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள்.

டாக்டர் டெஸ்மண்ட் பேச எழுந்தார். ஷெர்லீன் பெரியநாயகியின் காதருகே குனிந்து மொழிபெயர்த்தாள்.

"நண்பர்களே! வலியைப் போக்குவது எளிது. எந்த டாக்டரும் செய்துவிடுவார். வலியைப் புரிந்துகொள்வதுதான் கடினம். போக்கிவிட்டால் பிறகு எதைப் புரிந்துகொள்வது? இந்த நிலையம் ஏறக்குறைய இரண்டு வருஷமாக அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்கவில்லை."

கைதட்டல் எழுந்தது.

"இதோ உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் இந்த எளிய பெண்மணி ஐந்து வாரமாக எந்த மருந்தும் இல்லாமல் இருக்கிறார். இப்படித் தூய்மையான தரவு உலகில் எங்கும் கிடை..."

அந்தச் சொல் முடியவில்லை. டாக்டர் டெஸ்மண்ட் வலது காலைத் தூக்கினார். முகம் கோணியது. பேச்சு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ! அய்யோ அம்மா! செத்தேன்!" என்று சுத்தத் தமிழில் அலறிக்கொண்டு கீழே சரிந்தார். ஷூவைக் கழற்றியபோது கால் கட்டை விரல் தக்காளிப் பழம் மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. கௌட் வாதம். முதல் நாள் தின்ற நண்டும் கணவாயும் வேலையைக் காட்டிவிட்டன.

மண்டபத்தில் நாற்பது டாக்டர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் ஓடினார்கள். ஒருவர் பையைத் திறந்தார், ஒருவர் ஊசியில் மருந்தை ஏற்றினார், இன்னொருவர் கோட்டைக் கழற்றிக் காலுக்கு அடியில் வைத்தார். டாரியஸ் ஐஸ் கேட்டு ஹோட்டல் சமையலறைக்குப் பறந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஊசி ஏறிவிட்டது. டாக்டர் டெஸ்மண்ட் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டார்.

மேடையின் மறுமுனையில் பெரியநாயகி கவனிப்பாரின்றி உட்கார்ந்திருந்தாள். ஷெர்லீனின் கையைத் தொட்டாள்.

"ஏம்மா, அவருக்கு எத்தன கழிச்சாங்க?"

ஷெர்லீன் பெரியநாயகியின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"எழுந்திரிங்க, ஆண்டி. போலாம்."

"எங்கம்மா? கையெழுத்து..."

"அந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்ல ஆண்டி. ஜெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எப்ப வேணா வெலகிக்கலாம்னு பதினோராவது பக்கத்துல போட்டிருக்கு. நான்தான் உங்களுக்குப் படிச்சுக் காட்டல. அதப் படிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க."

பெரியநாயகி அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு உடம்பில் மூச்சு இல்லை. கையை மட்டும் நீட்டினாள். ஷெர்லீனும் காளிமுத்துவும் இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். யாரும் தடுக்கவில்லை. நாற்பது டாக்டர்களும் கட்டை விரலைச் சுற்றி நின்றார்கள்.

ஹோட்டல் வாசலில் பளபளத்த கார்களுக்கு நடுவே காளிமுத்துவின் பாக்டரி பஸ் நின்றுகொண்டிருந்தது. நாற்பத்து நாலு பேர் உட்காரும் பஸ்ஸில் மூன்று பேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒவ்வொரு குழிக்கும் காளிமுத்து பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி இறக்கினான்.

அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மலாய்க்கார டாக்டர் அம்மாள், நாற்பது வயதிருக்கும், சாப்பிடாத முகம். பெரியநாயகி உள்ளே நடந்து வந்த விதத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள்.

"சாக்கிட், மாக்சிக்?" என்றாள். வலிக்கிறதா, அம்மா?

"சாக்கிட், டாக்டர்."

விலாவைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பழைய ஃபைலைப் புரட்டினாள். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பெரியநாயகி பையிலிருந்து ஐசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது எதற்கு?" என்றாள் டாக்டர்.

ஷெர்லீன் விளக்க வாயெடுத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஐசியை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தாள்.

டாக்டர் ஒன்றும் மறைக்கவில்லை. நோயை நிறுத்த முடியாது, ஒரு வருஷமோ கூடக் குறையவோ இருக்கலாம், ஆனால் வலியை நிறுத்தலாம் என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தச் சிரப். எலும்புக்குக் கதிர்வீச்சு வைக்கக் கோலாலம்பூருக்குக் கடிதம். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டாள். காளிமுத்து மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

முதல் வேளை மருந்தை அங்கேயே குடிக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியநாயகி திடீரென்று, "இந்தா, பசிக்குதுங்க" என்றாள். காளிமுத்து கேண்டீனுக்கு ஓடினான். இரண்டு ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் ஷெர்லீனின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பவில்லை. ரொட்டி ஆறிப்போகும் வரை பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

ஷெர்லீன் மறுநாள் வேலைக்குப் போனபோது மேசையில் கடிதம் தயாராக இருந்தது. தரவை மாசுபடுத்திய குற்றத்துக்காக நீக்கம். அவள் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் குருபோங்குக்கு வந்து பெரியநாயகியின் சமையலில் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

இரண்டு மாதம் கழித்து பெரியநாயகிக்கு ஒரு கடிதம் வந்தது. ஷெர்லீன்தான் படித்துச் சொன்னாள். அவளுடைய வலி திடீரென்று குறைந்துவிட்டதாம். இப்படித் திடீரென்று குறைவது தமிழர் பண்பாட்டிலும் இல்லை, சீனர் பண்பாட்டிலும் இல்லை. எனவே அவளை ஆய்விலிருந்து நீக்குவதாக நிலையம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டது. கூடவே ஆய்வின் முடிவுகளும் இருந்தன. கூட்ட வேண்டியதைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகு, பதினொரு பண்பாடுகளிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவாகவே இருந்ததாம். ஏன் என்று கண்டறிய இன்னும் ஐந்து வருஷம் தேவைப்படுமாம்.

"மேடம் லிம் எப்படி இருக்குதாம்?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"போன மாசம் தவறிட்டாங்க, ஆண்டி. தூக்கத்துலயே."

"வலியில்லாமப் போச்சுல்ல. அது போதும்" என்றாள் பெரியநாயகி.

அந்த வாரமே டாரியஸ் வேனில் வந்து இறங்கினார். கையில் புதுப் படிவம். ஆய்விலிருந்து விலகியவர்களின் மனநிறைவை அளக்க நாற்பது கேள்விகள். பெரியநாயகி அப்போது வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வணக்கம்மா. சின்ன மனநிறைவு சர்வேதான். நீங்க ஏன் வெலகுனீங்கன்னு பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள..."

அவள் எழுந்து கேட் வரைக்கும் நிதானமாக நடந்து வந்தாள்.

"யோவ், பனி வண்டிக்காரா! செத்துக்கிட்டிருந்தவகிட்ட ஆறு மாசம் கணக்குக் கேட்டீங்க. ஒரு சொட்டு மருந்து குடுக்க மனசு வரல. இப்ப என்னா மனநெறைவக் கண்டுபுடிக்க வந்திருக்க? போடா, திரும்பிப் போ! பாலேக் லா! இனிமே இந்தத் தெருப் பக்கம் உன் வேனப் பாத்தேன், மொளகாய அரைச்சு மூஞ்சியில பூசிருவேன்!"

கேட்டை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனாள். எதிர்வீட்டுக் கருப்பாயி ஜன்னலில் நின்று கைதட்டினாள்.

டாரியஸ் படிவத்தை வேனின் முன்பக்கத்தில் வைத்து, விலகியதற்கான காரணம் என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், 'பண்பாட்டுக் கூச்சம்' என்று எழுதினார்.